“கொஞ்சமா வெட்டுங்க” என்றால் ஒட்ட வெட்டிவிடுகிறார்களே!

கேள்வி: வீட்டுப் பக்கத்துச் சலூனில் ஒவ்வொரு முறையும் “கொஞ்சமா வெட்டுங்க” என்றுதான் சொல்கிறேன். ஆனாலும் பக்கவாட்டில் ஒட்ட எடுத்துவிடுகிறார்கள். உச்சியில் முடி குத்திட்டு நிற்கிறது. பெரிய சலூனுக்குப் போக எனக்குக் கட்டுப்படியாகாது. என்ன செய்வது?

பதில்: சலூனை மாற்ற வேண்டாம், சொல்லும் விதத்தை மாற்றுங்கள். சின்னச் சலூனிலும் நன்றாக வெட்டுகிற கை உண்டு. ஆனால் அங்கே ஒரு தலைக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. “கொஞ்சம்” என்றால் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள், மெஷினை எடுத்துவிடுவார்கள்.

முடி வெட்டுகிறவரின் விரல்களைக் கவனித்திருக்கிறீர்களா? சீப்பால் முடியைத் தூக்கி, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடிக்கிறார். விரலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது கீழே விழும், உள்ளே இருப்பது உங்களுக்கு மிஞ்சும். அதனால் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று சொல்வதைவிட, எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். “மேலே இரண்டு விரல் அகலம் இருக்கட்டும், காது மேல் முடி படக்கூடாது.” இவ்வளவு போதும்.

பக்கவாட்டுக்கு மெஷின் என்றால், அதில் மாட்டும் சீப்பின் நம்பரைச் சொல்லிவிடுங்கள். எவ்வளவு நீளம் மிஞ்சும் என்பதை அந்த நம்பர்தான் காட்டும். பொதுவாக 1 என்பது 3 மி.மீ., 2 என்பது 6 மி.மீ., 4 என்பது சுமார் 13 மி.மீ. நீங்கள் 4-இல் தொடங்கச் சொல்லுங்கள். போதாவிட்டால் 3-க்கு இறங்கலாம். முதலிலேயே 1 ஓட்டிவிட்டால் 4-இன் அளவு திரும்ப வளர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், ஏனென்றால் முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ.தான் வளர்கிறது.

உச்சியில் குத்திட்டு நிற்பது பெரும்பாலும் சுழியால்தான். சுழி இருக்கும் இடத்தில் முடி ஒரு பக்கமாகச் சுற்றி வளரும். அங்கே நீளம் இருந்தால் அதன் கனமே முடியைப் படிய வைக்கும், குட்டையானால் எழுந்து நிற்கும். உட்கார்ந்ததும் விரல் வைத்துக் காட்டி, “இந்த இடத்தில் மட்டும் நீளம் விடுங்க” என்று கேளுங்கள். தண்ணீர் தெளித்தால் சுழி படிந்துவிடும், அதனால் அதற்கு முன்பே காட்டிவிடுவது நல்லது. ஈரத்தில் முடி நீண்டு தெரியும், காய்ந்தால் மேலே ஏறும். சுருட்டை முடி என்றால் இன்னும் அதிகமாகவே ஏறும், சுருட்டை முடிக்காரர்கள் அரை விரல் கூடுதலாக விடச் சொல்லலாம்.

கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். அப்புறம், ஒருவர் வெட்டும் விதம் உங்களுக்குப் பிடித்துவிட்டால் அவரிடமே போங்கள். மூன்றாவது தடவைக்குள் உங்கள் சுழி அவருக்குப் பழகிவிடும்.

கிருதாவும் பிடரியும் வழிக்கும்போது புது பிளேடு மாட்டச் சொல்லத் தயங்கவே வேண்டாம். பழைய பிளேடு வழியாக மஞ்சள் காமாலைக் கிருமிகள்கூடப் பரவலாம்.

எழுந்திருக்கும் முன் பின்பக்கம் கண்ணாடி காட்டச் சொல்லுங்கள். இரண்டு கிருதாவும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். குறை இருந்தால் அப்போதே சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலைதான், கோபித்துக்கொள்ள மாட்டார்.

நடிகர் படத்தைக் காட்டாதீர்கள், அவர் முடியின் அடர்த்தி வேறு. ஒருமுறை நன்றாக அமைந்துவிட்டால், மூன்றாம் நாள் தலை குளித்துக் காய்ந்தபின் முன், பக்கம், பின் என்று உங்கள் தலையையே போனில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த தடவை அதைக் காட்டினால் போதும்.