'கிளவுட்' என்றால் மேகம் மட்டும்தானா?

கேள்வி: வேலையை விட்டுப் போன ஒருவரைப் பற்றி அலுவலக மின்னஞ்சலில் "ஹி லெஃப்ட் அண்டர் எ கிளவுட்" என்று வந்தது. கிளவுட் கம்ப்யூட்டிங் வேலைக்குப் போகிறார் போல என்று நினைத்து வாழ்த்து அனுப்பிவிட்டேன். எல்லோரும் சிரிக்கிறார்கள். எப்படிப் பிரித்துப் புரிந்துகொள்வது?

பதில்: அனுப்பியது அனுப்பியதுதான், விடுங்கள். ஏதோ சந்தேகத்துக்கு ஆளாகி, பெயர் கெட்டு வெளியேறினார் என்பதுதான் அதற்குப் பொருள். குற்றம் நிரூபணமானதாக அர்த்தமில்லை. சொல்லாமல் சொல்கிற வேலையைச் செய்வதால் இந்தத் தொடர் பலருக்கு வசதி.

உங்களைத் தடுக்கிவிட்டது அந்த 'அண்டர் எ'. கிளவுடுக்கு முன்னால் நிற்கிற குட்டிச் சொற்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 'இன் த கிளவுட்' என்றால்தான் கம்ப்யூட்டர் சமாச்சாரம். வலையமைப்பு வரைபடத்தில், உள்ளே என்ன நடந்தாலும் நமக்குக் கவலையில்லை என்கிற பகுதியைப் பொறியாளர்கள் மேகமாக வரைந்துவிடுவார்கள். அந்தப் படமே பெயராக ஒட்டிக்கொண்டது. 2006-ல் அமேசான் சேமிப்பிடத்தையும் கணினித் திறனையும் இணையம் வழியாக வாடகைக்கு விடத் தொடங்கியது. அப்புறம் சொல் எங்கும் பரவியது. பெயர்தான் மேகம், உங்கள் கோப்பு இருப்பதென்னவோ தரையில், யாரோ ஒருவருடைய சர்வரில். சிங்க் (போனில் இருப்பதையும் அங்கே இருப்பதையும் ஒரே மாதிரி வைத்திருக்கும் வசதி) ஓடிக்கொண்டிருந்தால் போனில் அழித்த படம் பெரும்பாலும் அங்கேயும் அழிந்துவிடும், ஜாக்கிரதை.

'ஆன் கிளவுட் நைன்' தலைகால் புரியாத சந்தோஷம். இதில் 'எ', 'த' எதுவும் வராது.

வினைச்சொல்லாக வந்தால் பெரும்பாலும் கெடுதல்தான்: கோபம் ஒருவருடைய ஜட்ஜ்மென்ட்டை 'கிளவுட்' செய்கிறது என்றால் புத்தியை மறைக்கிறது என்று பொருள். 'கிளவுடி வாட்டர்' கலங்கல் தண்ணீர். நமக்கு மேகம் கைம்மாறு எதிர்பாராத வள்ளல். ஆங்கிலத்தில் அதற்கு அந்த மரியாதை குறைவு.

வானிலையில் 'கிளவுடி', 'ஓவர்காஸ்ட்' இரண்டும் ஒன்றல்ல. வானத்தை எட்டுப் பங்காக வைத்துக் கணக்கிடுவார்கள். எட்டும் மூடினால்தான் ஓவர்காஸ்ட். நம் மப்பும் மந்தாரமும் அதற்குத்தான் பொருந்தும். (மப்பு குடிமயக்கத்துக்கும் தாவிவிட்டதே, கவனித்தீர்களா?)

இன்னொரு வேடிக்கை: பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குப் பாறை, குன்று என்று பொருள். குன்றுபோலத் திரண்டு நின்றதால் மேகத்துக்கு ஆகிவந்தது.

சரி, அந்த மின்னஞ்சல் வரியைத் தமிழாக்க நேர்ந்தால் 'மேகத்தின் கீழ்' என்றெல்லாம் எழுத வேண்டாம். "சந்தேகத்தின் நிழலோடு வெளியேறினார்" போதும்.