காலனி கால அமெரிக்காவில் ஒரு ஜெர்மன் விவசாயிக்குக் குடும்பமும் ஊர்ப்படை வேலையும் எப்படி இருந்தன?

பொதுவாகச் சொல்வதைவிட, விவசாயியாகவும் பழங்குடிகளோடு பேசும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்த கான்ராட் வைசரை எடுத்துக்கொண்டால் சட்டென்று புரியும். நிறைய எழுதி வைத்துவிட்டுப் போன மனிதர்.

1696இல் ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் பகுதியில் பிறந்தவர். 1709இல் அம்மா இறந்துவிட, அப்பா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லண்டன் வழியாக நியூயார்க் போனார். பயணச் செலவுக்கு ஈடாக பிரிட்டிஷ் கடற்படைக்குத் தார் காய்ச்சித் தர வேண்டும். 1712இல் அந்தத் திட்டம் படுத்துவிட, ரேஷனும் நின்றது. அந்தக் குளிர்காலத்தில்தான் அப்பா இந்தப் பையனை மொழி கற்றுக்கொள்ளச் சொல்லி மோஹாக் பழங்குடிகளின் ஊரில் விட்டார். பசியும் குளிருமாகக் கிடந்தான், ஆனால் பிற்பாடு பெயரும் பதவியும் வாங்கித் தந்தது அந்த மொழிதான்.

1720இல் அன்னா ஏவாவுடன் கல்யாணம். பதினான்கு பிள்ளைகள் பிறந்து ஏழுதான் தங்கின. 1729இல் பென்சில்வேனியாவின் டல்பஹாக்கனுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1735இல் இவர் திடீரென எஃப்ராட்டா என்ற ஜெர்மன் புராட்டஸ்டன்ட் துறவிகளின் மடத்தில் சேர்ந்து தாடி வளர்த்துக்கொண்டு அங்கேயும் இங்கேயுமாக அலைய, நிலமும் மாடும் பிள்ளைகளும் அன்னா தலையில். வைசரைப் புகழ்பவர்கள் இந்த அம்மாவை ஒரே வரியில் தாண்டிவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை. (மகள் மரியாவைக் கட்டிய பாதிரியார் மூலன்பெர்க் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்தவர், நம் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு படித்த அதே ஹாலே.)

சரி, படைக்கு வருவோம். பென்சில்வேனியா சட்டசபை போரே கூடாது என்ற குவேக்கர்கள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் கையில் இருந்ததால் 1755 கடைசி வரை அங்கே ஊர்ப்படைச் சட்டமே கிடையாது. அந்த ஆண்டு ஜூலையில் தளபதி பிராடக்கின் பிரிட்டிஷ் படை பிரெஞ்சுக்காரர்களிடமும் அவர்களோடு சேர்ந்த பழங்குடிகளிடமும் தோற்றது. அக்டோபரில் டெலவேர் பழங்குடிகள் எல்லைப் பண்ணைகளைத் தாக்கினார்கள். அவர்களுக்குக் கோபம் சும்மா வரவில்லை, அவர்கள் நிலமான டல்பஹாக்கனிலேயே ஜெர்மானியர்கள் 1723இல் குடியேறிவிட்டார்கள், நிலத்துக்கு விலை பேசி முடித்தது 1732இல். தாக்குதல் செய்தி கேட்டதும் வைசர் பின்னால் இருநூறு பேர் திரண்டார்கள், பாதிப் பேரிடம் துப்பாக்கி, மீதிப் பேரிடம் கோடரியும் வைக்கோல் வாரும் கவைக்கோலும். அடுத்த மாதமே அதே ஊர்க்காரர்கள், பழங்குடிகளைக் கொன்றால் பரிசுப் பணம் வேண்டும் என்று கேட்டு, நட்பான பழங்குடிகளை அழைத்துவந்த இவரைத் துரோகி என்று திட்டி, சுட்டுவிடும் அளவுக்குப் போனார்கள்.

1756இல் லெப்டினன்ட் கர்னல் பதவி கிடைத்தது, மகன் சாமுவேலும் அதே படையில் கேப்டன். வேலை என்னவென்றால் ப்ளூ மலையடிவாரக் கோட்டைகளுக்கு நடுவே ரோந்து, அப்புறம் அறுவடைக் காலத்தில் அறுப்பு அறுக்கிறவர்களுக்குக் காவல்.