குடும்ப டாக்டரும் நோய் ஆதரவு சிகிச்சையும்: கேள்வி பதில்

வணக்கம். நான் குடும்ப மருத்துவர். தீராத நோயோடு வீட்டில் இருப்பவர்களைப் போய்ப் பார்ப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. நோயைத் தீர்க்க முடியாதபோதும் வலியையும் வேதனையையும் குறைத்து, நோயாளிக்கும் வீட்டாருக்கும் துணை நிற்பதுதான் நோய் ஆதரவு சிகிச்சை, ஆங்கிலத்தில் பாலியேட்டிவ். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காட் மர்ரே செய்த ஆய்வுகளைப் பற்றிப் பேசலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். மற்றவையும் கேளுங்கள். மருந்தின் அளவை மட்டும் கேட்க வேண்டாம், ஆளைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

மருத்துவ மாணவர்: மர்ரேயின் ஆய்வில் அப்படி என்ன புதிது?

அவரும் ஒரு குடும்ப டாக்டர். வார்டில் படுத்திருப்பவரை அல்ல, வீட்டில் மாதக்கணக்கில் நோயோடு வாழ்பவரைப் பார்த்துப் பழகியவர். அதனால் அவர் கேட்ட கேள்விகளும் வேறு. 2002இல் வெளியான ஆய்வில், அறுவை சிகிச்சை செய்ய முடியாத நுரையீரல் புற்றுநோயாளிகள் 20 பேரையும், முற்றிய இதயச் செயலிழப்பு உள்ள 20 பேரையும் எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரு வருடம் வரை, அவர்களோடும் வீட்டாரோடும் பேசினார்கள். புற்றுநோயாளிகளுக்குத் தங்கள் நோய் என்ன, எங்கே போகிறது என்பது ஓரளவு தெரிந்திருந்தது. இதய நோயாளிகளுக்கு அது சரியாகத் தெரியவில்லை, முடிவுகளில் பங்கும் குறைவு, கிடைத்த உதவியும் குறைவு. இரண்டும் உயிரைப் பறிக்கிற நோய்தான்.

அப்புறம் 2005இல் அவரும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை. நோய் போகும் பாதை மூன்று விதம் என்று அதில் விளக்கினார்கள். புற்றுநோயில் பெரும்பாலும் நல்லபடியாக நடமாடிக்கொண்டிருப்பவர் கடைசிச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சட்டென்று சரிவார். இதயம், நுரையீரல் நோய்களில் சரிவு, மருத்துவமனை, கொஞ்சம் தேறுதல், மறுபடி சரிவு என்று போகும். எந்தச் சரிவு கடைசி என்று முன்கூட்டித் தெரியாது. முதுமைத் தளர்ச்சியிலும் மறதி நோயிலும் வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும்.

இதை பிரிட்டனின் ஒரு குடும்ப டாக்டரின் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். அவர் பொறுப்பில் 2000 பேர் இருந்தால், வருடத்துக்குச் சுமார் 20 பேர் இறப்பார்கள். அதில் புற்றுநோய் 5 பேர், இதயம், நுரையீரல் போன்ற உறுப்புகளின் செயலிழப்பு 6, தளர்ச்சியும் மறதியும் 7, மீதி 2 மற்றவை. நோய் ஆதரவு சிகிச்சை புற்றுநோய்க்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் யாரையெல்லாம் விட்டுவிடுகிறோம் என்று நீங்களே பாருங்கள். அத்தனை பேரையும் பார்க்க நிபுணர்கள் போதமாட்டார்கள். குடும்ப டாக்டர்தான் பார்த்தாக வேண்டும். என் நம்பிக்கையும் இதுதான்.

தஞ்சாவூர் மகள்: அப்பாவுக்குப் புற்றுநோய், கடும் வலிக்கு மார்பின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடிமையாகிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது டாக்டர்.

பயப்படாதீர்கள் அம்மா. புற்றுநோய் வலிக்கு டாக்டர் கண்காணிப்பில், சரியான அளவில் கொடுக்கும்போது அடிமையாவது அபூர்வம். வலி வந்த பிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்காமல், சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: மார்பின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். ஆரம்பத்தில் வரும் குமட்டலும் தூக்கமும் பெரும்பாலும் சில நாளில் அடங்கும், மலச்சிக்கல் அடங்காது. சீட்டில் மலமிளக்கி இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

சேலத்திலிருந்து: பெரியப்பாவுக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. எத்தனை நாள் தாங்கும்?

நாள் சொல்ல முடியாது. வாரத்துக்கு வாரம் மாற்றம் தெரிகிறதா, நாளுக்கு நாள் தெரிகிறதா என்று அவரைப் பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள். அதை வைத்துத் திட்டமிடலாம்.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்: 'இவர் அடுத்த 12 மாதத்தில் இறந்தால் நான் ஆச்சரியப்படுவேனா?' என்று டாக்டர் தன்னையே கேட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். அதை நம்பலாமா?

யோசிக்க வைக்கும், அவ்வளவுதான். ஜோசியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வந்த கட்டுரைகள் அதன் துல்லியம் சுமார்தான் என்றன, புற்றுநோய் அல்லாதவற்றில் இன்னும் குறைவு. எடின்பரோவில் உருவான 'ஸ்பிக்ட்' என்ற ஒரு பக்கக் குறிப்பு எனக்கு இதைவிட உதவுகிறது. எதிர்பாராமல் அடிக்கடி மருத்துவமனையில் சேர்கிறாரா, படுக்கையிலோ நாற்காலியிலோ பாதி நாளுக்கு மேல் கழிகிறதா, எடை குறைகிறதா, மற்றவர் துணை கூடுதலாகத் தேவைப்படுகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. எப்போது இறப்பார் என்பதை விட்டுவிட்டு, இப்போது என்ன வேண்டும் என்று கேட்கிறது. உங்கள் வேலைக்கு அதுதான் பொருந்தும்.

மதுரை மகன்: அம்மாவிடம் புற்றுநோய் என்றே சொல்லவில்லை. 'அல்சர்' என்று சொல்லி வைத்திருக்கிறோம். நோயாளியிடம் முன்கூட்டியே பேச வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். சொன்னால் மனசு விட்டுவிடுவார்.

உங்கள் பயம் அன்பிலிருந்து வருவது, புரிகிறது. ஆனால் கீமோ வார்டில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குத் தெரியாது என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள்? பல வீடுகளில் அம்மா பிள்ளைக்காக மறைக்கிறார், பிள்ளை அம்மாவுக்காக மறைக்கிறான்.

நெல்லைப் பெரியவர்: இதெல்லாம் ஸ்காட்லாந்துப் பழக்கம் டாக்டர். நம் ஊரில் குடும்பம்தான் முடிவெடுக்கும்.

ஐயா, மர்ரே குழு இதைக் கவனித்திருக்கிறது. 2003இல் ஸ்காட்லாந்து நோயாளிகளையும் கென்யாவின் மேரு பகுதி நோயாளிகளையும் ஒப்பிட்டு எழுதினார்கள். ஸ்காட்லாந்தில் பெரிய பாரம் மரணத்தை எதிர்கொள்ளும் மன வேதனை. கென்யாவில் முதலில் உடல் வலி, அப்புறம் பணக் கவலை. குடும்பமும் ஊரும் அங்கே தாங்கிப் பிடித்தன, வலிக்கு மருந்துதான் கிடைக்கவில்லை. ஆகவே ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குடும்பம் முடிவெடுக்கட்டும் என்று நோயாளியே சொல்லலாம். அவரைக் கேட்காமலே நாம் அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது.

நெல்லைப் பெரியவர்: கேட்பதே சொல்வதுபோலத்தானே?

இல்லை ஐயா. 'உங்கள் உடம்பைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?' என்று தொடங்குவேன். 'எல்லாவற்றையும் உங்களிடமே சொல்லட்டுமா, மகனிடம் பேசிக்கொள்ளட்டுமா?' என்பேன். 'அவனிடமே பேசுங்கள்' என்றால் அதோடு நிறுத்திக்கொள்வேன். வற்புறுத்திச் சொல்வதும் கொடுமைதான்.

கோவைச் செவிலியர்: நான் இதைத் தினமும் பார்க்கிறேன். 'என்னிடம் எதையோ மறைக்கிறார்கள்' என்று சந்தேகம் வந்த பிறகு நோயாளி யாரையும் நம்புவதில்லை. மருந்தையும் வேண்டாம் என்கிறார்கள்.

மிகச் சரி சிஸ்டர். மதுரைத் தம்பி, இதையும் யோசியுங்கள். அம்மாவுக்கு ஒரு நிலத்தை யாருக்கு எழுதுவது என்று இருக்கலாம், ஒரு கோயிலுக்குப் போக வேண்டும் என்று இருக்கலாம். நேரம் குறைவு என்று தெரியாதவர் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார். 'என்னைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார்?' என்று அம்மாவே கேட்டால், அன்றைக்காவது பொய் சொல்லாதீர்கள்.

மதுரை மகன்: சரி டாக்டர். அம்மாவைப் பார்க்கும் டாக்டரை வைத்துக்கொண்டு பேசிப் பார்க்கிறேன்.

நல்லது. அவசரம் வேண்டாம், ஒரே நாளில் முடிகிற பேச்சும் இல்லை.

ஈரோட்டிலிருந்து: மார்பின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார்களாமே?

மேலே தஞ்சாவூருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

வேலூரிலிருந்து: மார்பின், பாலியேட்டிவ் எல்லாம் கடைசி நேரத்துக்குத்தானே? ஆயுள் குறைந்துவிடாதா?

தயவுசெய்து இந்த எண்ணத்தை விடுங்கள். இதனால்தான் ஆட்கள் மாதக்கணக்கில் வலியில் துடிக்கிறார்கள். 2010இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே பாலியேட்டிவ் சிகிச்சையும் கொடுத்தார்கள். அவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. மனச்சோர்வும் குறைவு. எல்லா ஆய்விலும் ஆயுள் கூடியது என்று சொல்ல மாட்டேன். குறைந்துவிடும் என்ற பயத்துக்கு இடமில்லை.

கடலூரிலிருந்து: அடிமைப் பயம் இல்லை டாக்டர், ஆனால் மார்பின் தொடங்கியதிலிருந்து அத்தைக்கு ஐந்து நாளாக வெளிக்குப் போகவில்லை.

மலமிளக்கி, மலமிளக்கி என்று இதற்குத்தான் சொல்கிறேன். இன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். வயிறு உப்பி வாந்தியும் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

விழுப்புரத்திலிருந்து: ஒரு மூலிகைக் கஷாயம் கட்டியைக் கரைக்கிறதாம்...

இல்லை. அந்தப் பணத்தை அவருக்குப் பிடித்த சாப்பாட்டுக்குச் செலவழியுங்கள்.

தர்மபுரியிலிருந்து: வீட்டுக்கே வந்து பார்க்கும் வசதி தமிழ்நாட்டில் உண்டா?

உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டில் நோய் ஆதரவு சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். இதில் கேரளா நமக்கு முன்னோடி. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கி, பிறகு ஊர்த் தன்னார்வலர்களே வீடு வீடாகப் போகும் அமைப்பாக வளர்ந்தது. 2008இல் மாநில அரசே தனிக் கொள்கை கொண்டுவந்தது. மார்பின் கிடைப்பது கடினமாக இருந்ததற்கு 1985ஆம் வருடப் போதைப்பொருள் சட்டம் முக்கியக் காரணம். 2014 திருத்தத்தில் அனுமதி முறை எளிதாயிற்று. ஆனாலும் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் கேளுங்கள்.

காப்பீடு பற்றி இருவர்: என் துறை இல்லை. மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

ஓசூர் மருமகள்: மாமியாருக்கு நுரையீரல் அடைப்பு நோய். மூச்சு வாங்கும்போது என்ன செய்வது? நானும் சரியாகத் தூங்கியே பல மாதம் ஆகிறது. இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லலாமா?

கட்டாயம் சொல்லுங்கள். மேலே சொன்ன ஸ்பிக்ட் குறிப்பில், பார்த்துக்கொள்பவருக்குக் கூடுதல் உதவி தேவைப்படுவதே ஓர் அறிகுறி. மூச்சு வாங்கும்போது சிறு கைமின்விசிறியை முகத்துக்கு நேராகப் பிடியுங்கள், பலருக்குத் திணறல் குறைகிறது, ஆய்வும் அதைக் காட்டியிருக்கிறது. மேசைமேல் கைகளை ஊன்றி முன்பக்கம் சாய்ந்து உட்கார வையுங்கள். திடீரென்று அதிகமானாலோ உதடு நீலமானாலோ 108ஐக் கூப்பிடுங்கள். இரவில் மாற்றி மாற்றி விழிக்க வீட்டில் இன்னொருவர் வேண்டும். அதை நீங்கள் கேட்டால் சண்டையாகும் என்றால், டாக்டரையே உங்கள் கணவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.