ஒன்பது கட்டமும் ஒரு வீசமும்

தருமபுரியில் முப்பது ஆண்டுகளாக ரவிக்கை தைக்கிறேன். கடையில் மிஞ்சும் துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைக்கத் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. நாங்கள் பத்துப் பதினைந்து பெண்கள் ஆளுக்குச் சில கட்டங்கள் தைத்து, அவற்றை இணைத்துப் போர்வையாக்கி, மார்கழிப் பனி இறங்குவதற்குள் முதியோர் இல்லத்துக்கும், மலைக்கிராமத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதிக்கும் கொடுத்துவிடுவோம்.

இந்த ஆண்டு யார் வேண்டுமானாலும் கட்டம் தைத்து அனுப்பலாம் என்று அறிவித்தேன். ‘ஒன்பது கட்டம்’ என்பார்கள், அமைப்பு எளியதுதான். ஒரே அளவில் ஒன்பது சதுரங்கள், வரிசைக்கு மூன்று. நான்கு மூலையும் நடுவும் அடர்நிறம், மீதி நான்கும் வெளிர்நிறம். வெட்டும் சதுரம் 3½ அங்குலம், தைத்து முடித்த கட்டம் 9½ அங்குலம். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் சிறுமிகளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுக்க முதலில் தந்த கட்டங்களில் இதுவும் ஒன்று. இவ்வளவு எளியதற்கு என்ன கேள்வி வரப்போகிறது என்று நினைத்தேன். வந்து குவிந்துவிட்டன.

பாலக்கோடு: அக்கா, 3½ அங்குலச் சதுரம் மூன்றைச் சேர்த்தால் 10½ வர வேண்டும். நீங்கள் 9½ என்கிறீர்கள். கணக்கு உதைக்கிறதே?

உதைக்கவில்லை அம்மா, தையல் தின்றுவிட்டது. இரண்டு துண்டுகளைச் சேர்க்கும்போது இரு பக்கமும் கால் கால் அங்குலம் உள்ளே போகும். ஒரு தையலுக்கு அரை அங்குலம். மூன்று சதுரங்களுக்கு நடுவே இரண்டு தையல்கள், ஆகவே ஓர் அங்குலம் போயிற்று. 10½ போக 9½. பிறகு நான் உங்கள் கட்டத்தைப் பக்கத்துக் கட்டத்தோடு சேர்க்கும்போது நான்கு ஓரத்திலும் இன்னொரு கால் அங்குலம் போகும். போர்வையில் கண்ணுக்குத் தெரிவது 9 அங்குலம்.

இங்கேதான் எனக்கு ஒரு மன்றாட்டு உண்டு. நம் பாட்டிமார் காலத்துக் கணக்கில் கால், அரைக்கால், வீசம் என்று ஒரு வரிசை இருந்தது. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, வீசம் என்றால் பதினாறில் ஒன்று. இஞ்ச் டேப்பில் அது ஒரு மயிரிழை போலத்தான் தெரியும். நீங்கள் தையலை ஒரு வீசம் உள்ளே தள்ளிப் போட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். தையலின் இரு பக்கமும் சேர்த்து அரைக்கால் அங்குலம் கூடுதலாகப் போகும். இரண்டு தையலுக்குக் கால் அங்குலம். கட்டம் 9¼ ஆகிவிடும். குழந்தைப் போர்வையில் வரிசைக்கு நான்கு கட்டங்கள். ஒரு வரிசை முழுக்க உங்களுடையதும் அடுத்த வரிசை முழுக்கச் சரியான கைக்காரருடையதும் என்றால், இரண்டுக்கும் ஓர் அங்குல வித்தியாசம். அதை இழுத்துப் பிடித்துத் தைத்தால் போர்வை அப்பளம் போல அலை அலையாக எழும்பி நிற்கும். ஒருவரே ஒரு போர்வை முழுவதையும் தைத்தால் வீசத் தவறு தெரியாது, எல்லாக் கட்டமும் ஒரே மாதிரி தவறியிருக்கும். பல கை சேரும் இடத்தில்தான் வீசத்துக்கு மதிப்பு.

அரூர்: நானும் தையல்காரிதான். ரவிக்கைக்கு அரை அங்குலமும் பக்கவாட்டில் அதற்கு மேலும் விட்டுப் பழகிய கை. கால் அங்குலத்தில் நிற்க மறுக்கிறது.

என் கையும் அப்படித்தான் இருந்தது. ஊசியைக் கையால் இறக்கி, ஊசி முனையிலிருந்து வலப்பக்கம் சரியாகக் கால் அங்குலம் அளந்து, அந்த இடத்தில் மெஷின் தட்டின் மேல் மருந்துக்கடை பிளாஸ்திரியை நான்கு மடிப்பாக ஒட்டுங்கள். ஒரு சிறு வரப்பு போல எழும்பி நிற்கும். துணியின் ஓரம் அந்த வரப்பை உரசிக்கொண்டே போனால் போதும். ஊசியைப் பார்க்காதீர்கள், வரப்பைப் பாருங்கள்.

சரியாக வருகிறதா என்று சோதிக்க, 1½ அங்குல அகலத்தில் மூன்று துண்டுகளை வெட்டி, நீளவாக்கில் சேர்த்துத் தைத்து இஸ்திரி போடுங்கள். நடுத்துண்டு மிகச் சரியாக ஓர் அங்குலம் தெரிய வேண்டும். குறைந்தால் பிளாஸ்திரியை ஊசிப் பக்கம் நகர்த்துங்கள், கூடினால் வெளியே. இந்தச் சோதனை முடியாமல் நல்ல துணியைத் தொடாதீர்கள். ஊசி 14 எண் போதும், தையல் அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு.

காவேரிப்பட்டணம்: பழைய துணியைத் தானம் கொடுக்கக் கூடாது என்கிறார் என் மாமியார். நானோ என் பழைய நூல்சேலையை வெட்டலாம் என்றிருந்தேன்.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதியை நான் ஏற்கிறேன். கிழிந்ததையும் கறை படிந்ததையும் ‘தானத்துக்குத்தானே’ என்று தள்ளிவிடும் பழக்கம் எனக்கும் பிடிக்காது. அப்படிச் சொல்லி ஒருவர் கொடுத்த மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கரித்துணிக்கு எடுத்துக்கொண்டேன்.

மற்றப் பாதிக்கு நீங்கள் அவரிடம் ஒன்று கேளுங்கள்: உங்கள் பிள்ளைக்குத் தூளி கட்டப் புதுச்சேலையா எடுத்தீர்கள்? பாட்டியின் பழைய நூல்சேலையைத்தானே தேடினோம்? பலமுறை துவைத்த பருத்திக்கு இருக்கும் மென்மை கடைத்துணிக்கு வராது. அது இனி சுருங்கவும் சுருங்காது. ஆனால் வலு இருக்கிறதா என்று பாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இழை விலகித் தெரியக் கூடாது. இரண்டு கட்டை விரலாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் கிழியக் கூடாது. உட்கார்ந்து உட்கார்ந்து நைந்த பின்பகுதியை விட்டுவிட்டு, முந்தானைப் பக்கத்திலும் கொசுவத்தின் உள்மடிப்பிலும் வெட்டுங்கள்.

கிருஷ்ணகிரி: வெற்றிலை பாக்கோடு வந்த ஜாக்கெட் பிட் வீட்டில் முப்பதுக்கு மேல் இருக்கிறது. அனுப்பலாமா?

எந்த வீட்டில்தான் இல்லை! நமக்கு வந்ததை அடுத்த வீட்டுக்கு, அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்கு என்று சுற்றி, நான்கு கல்யாணம் பார்த்த பிட் ஒன்று என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. அவற்றில் பல பாலியஸ்டர் கலந்தவை. ஓரத்தில் இரண்டு இழையை உருவி, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் வைத்துத் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தியானால் காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகிக் கடினமான மணியாகிவிடும். கலப்பென்றால் எரியவும் செய்யும், மணியும் நிற்கும். மணி விழுந்த எதுவும் வேண்டாம். பருத்திக்கு வைக்கும் சூட்டில் அது இஸ்திரிப் பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும்.

சாயமும் பாருங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் தெரிந்துவிடும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று நம்பி, ஒருமுறை நான் கெட்டேன். சிவப்பும் வெள்ளையுமாக அழகாகக் கொடுத்த போர்வை முதல் சலவையில் முழுக்க ரோஜா நிறமாகிவிட்டது. “இதுவும் அழகாகத்தான் இருக்கிறது” என்றார் அந்த இல்லத்து அம்மா. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பென்னாகரம்: வரிசைகளைச் சேர்க்கும்போது நான்கு முனையும் ஓரிடத்தில் கூடவில்லை. ஒன்று ஏறி ஒன்று இறங்கி நிற்கிறது.

இஸ்திரியில் இருக்கிறது சூட்சுமம். ரவிக்கைத் தையலைப் பிரித்து இரு பக்கமும் விரித்துத் தேய்ப்போமே, அதை இங்கே செய்யாதீர்கள். தையலுக்கு விட்ட துணி இரண்டையும் சேர்த்து அடர்நிறப் பக்கமே சாயுங்கள். மேல் வரிசை அடர், வெளிர், அடர். அதில் மடிப்புகள் வெளிப்பக்கம் சாயும். நடு வரிசை வெளிர், அடர், வெளிர். அதில் மடிப்புகள் உள்பக்கம் சாயும். இப்போது இரண்டு வரிசைகளையும் முகத்தோடு முகம் வைத்தால், மேல் மடிப்பு ஒரு பக்கமும் கீழ் மடிப்பு மறுபக்கமுமாக இருந்து, கதவும் நிலையும் போலப் பொருந்தும். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து உருட்டிப் பாருங்கள். இரண்டு மேடுகளும் ஒன்றையொன்று முட்டி நிற்கும் இடம் விரலுக்கே தெரியும். அங்கே ஒரு குண்டூசி குத்திவிட்டுத் தையுங்கள். வெளிர்நிறத்துக்கு அடியில் கருந்துணி நிழலாகத் தெரியாமல் இருப்பது கூடுதல் லாபம்.

இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். தேய்த்தால் சதுரம் சாய்சதுரமாகிவிடும்.

தளி: என் பிறந்த வீடு வட கர்நாடகம். அங்கே பழைய சேலைகளை அடுக்கிக் கையால் தைக்கும் ‘கௌதி’ உண்டு. நீங்கள் சொல்வதும் அதுவும் ஒன்றா?

தாய்மாமன் பிள்ளைகள் என்று சொல்லலாம். கௌதியிலும், வங்காளத்துக் காந்தாவிலும், மராட்டியத்து கோதடியிலும் உயிர் ஓட்டத் தையலில்தான் இருக்கிறது. அடுக்கு முழுவதையும் அதுவே பிடித்து நிற்கும். ஒன்பது கட்டத்தில் முதலில் மேல்துணியைத் தனியாக இணைத்துவிட்டு, அதன் பிறகே உள்ளடுக்கும் அடித்துணியும் வைத்துச் சேர்க்கிறோம். உத்தர கன்னடத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற போர்வையைப் பார்த்திருக்கிறீர்களா? ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். அளவுகோல் கிடையாது. நான்கு மூலையிலும் மடித்த துண்டுகளைப் பூவாக வைப்பார்கள், அது இல்லாவிட்டால் கவந்தி முடிந்ததாகவே கொள்ள மாட்டார்கள். அந்தக் கைகளின் முன்னால் என் பிளாஸ்திரி வரப்பைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கௌதி தைக்கத் தெரிந்தால் கட்டம் வேண்டாம் அம்மா, ஒரு சிறிய கௌதியே தைத்து அனுப்புங்கள்.

ஓசூர்: உள்ளே இலவம் பஞ்சு வைக்கலாமா? இங்கே குளிர் அதிகம்.

ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள், குளிரத்தான் செய்யும். ஆனாலும் உதிரிப் பஞ்சு வேண்டாம். முதல் சலவையில் ஒரு மூலையில் போய் உருண்டையாக உட்கார்ந்துகொள்ளும். பழைய பருத்திப் போர்வை ஒன்றோ, நூல்வேட்டி இரண்டு மடிப்போ உள்ளே வைப்பதுதான் எங்கள் வழக்கம். கடையில் விற்கும் பாலியஸ்டர் பஞ்சு ஷீட்டும் சரி, சீக்கிரம் உலரும். எதுவானாலும் நான்கு அங்குலத்துக்கு ஒருமுறை மூன்று அடுக்கையும் சேர்த்து முடிச்சோ தையலோ வேண்டும்.

ஊத்தங்கரை: பிறந்த குழந்தைகளுக்கு என்று தனியாகத் தைத்துத் தரலாமா?

தரலாம், தூங்கும்போது போர்த்த அல்ல. ஒரு வயது ஆகும்வரை தூங்கும் குழந்தையின் பக்கத்தில் தளர்வான போர்வை, தலையணை எதுவும் இருக்கக் கூடாது. முகத்தை மூடினால் விலக்கத் தெரியாது. தரையில் விரித்துக் கவிழ்ந்து விளையாட வைப்பதற்கு என்று சொல்லிக் கொடுங்கள். பொத்தான், மணி, ஜமிக்கி வைக்காதீர்கள்.

ஓசூர், ஆயத்த ஆடைத் தொழிற்கூடத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி: ஒவ்வொரு சதுரமாக வெட்டுவது நேரத்தை வீணாக்குவது போலத் தெரிகிறதே?

தொழிற்கூடக் கண் என்றால் இதுதான்! 44 அங்குல அகலத் துணியில் 3½ அங்குல நாடாக்களாக அடர்நிறம் ஐந்து, வெளிர்நிறம் நான்கு கிழித்துக்கொள்ளுங்கள். அடர், வெளிர், அடர் என்று சேர்த்து இரண்டு தொகுப்பு. வெளிர், அடர், வெளிர் என்று ஒரு தொகுப்பு. இஸ்திரி போட்டு, குறுக்காக மறுபடி 3½ அங்குலத்துக்கு வெட்டினால் ஒரு தொகுப்புக்குப் பன்னிரண்டு வரிசைகள். கட்டத்துக்கு இரண்டு மேல்கீழ் வரிசை, ஒரு நடுவரிசை. பன்னிரண்டு கட்டங்கள் கைக்கு வந்துவிடும். துணி அரை மீட்டர் அடர், 40 சென்டிமீட்டர் வெளிர். கிழிப்பது கோணலானால் வெட்டிக்கொள்ளுங்கள். துண்டுத் துணி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி உதவாது, அவர்கள் சதுரமாகத்தான் வெட்ட வேண்டும்.

பலரும் கேட்ட சில்லறைக் கேள்விகள்.

மிதி மெஷின் போதும். கையால் தைத்தாலும் வாங்கிக்கொள்வேன். ஓவர்லாக் அடிக்காதீர்கள், மடிப்பு தடித்துவிடும். குழந்தைப் போர்வைக்கு இருபது கட்டங்கள், 36க்கு 45 அங்குலம். பெரியவர் கட்டிலுக்கு ஐம்பத்து நான்கு கட்டங்களும் சுற்றிலும் மூன்று அங்குலக் கரையும், 60க்கு 87. சாமி படம் அச்சிட்ட துணி வேண்டாம், காலில் படும். கருப்பு தாராளமாக வரலாம், அழுக்குத் தெரியாது.

பாப்பிரெட்டிப்பட்டி: எல்லாம் பார்த்துப் பார்த்துத் தைத்தும் என் கட்டம் சரியாக 9 அங்குலம்தான் வந்தது. பிரிக்க மனம் வரவில்லை. தூக்கிப் போட்டுவிடவா?

போடாதீர்கள். என் அலமாரியில் கீழ்த்தட்டு ஒன்று இருக்கிறது, 9 அங்குலத்தில் வந்தவற்றை அங்கேதான் சேர்த்து வைக்கிறேன். தங்களுக்குள் அவை கச்சிதமாகப் பொருந்தும். இருபது சேர்ந்தால் 34 அங்குல அகலத்தில் ஒரு குழந்தைப் போர்வை. உங்களுடையது பதினேழாவது. இன்னும் மூன்றுதான் வேண்டும். அதற்காக யாரும் வேண்டுமென்றே தவறாகத் தைத்து அனுப்ப வேண்டாம். வரும் வேகத்தைப் பார்த்தால் இந்த வாரத்துக்குள் தானாகவே வந்துவிடும்.