ஸ்ட்ரீட் போட்டோகிராபிக்கு விலை கம்மியான கருப்பு வெள்ளை பிலிம் எது? சிங்கப்பூர் வெயிலுக்கு சரிப்பட்டு வருமா?

நான் ஒரு வருஷமா கென்ட்மியர் 400 தான் போடுறேன் (400-ங்கிறது வெளிச்சத்தை எவ்வளவு வேகமாப் பிடிக்கும்னு காட்டுற ஐஎஸ்ஓ எண்), அதனால அதைப் பத்தி மட்டும் சொல்றேன். பேர் புதுசா இருக்கேன்னு பயப்பட வேணாம், இல்ஃபோர்ட் எச்பி5 பிலிமைப் பண்ற அதே ஹார்மன் கம்பெனி தான் இங்கிலாந்துல இதையும் பண்றாங்க. எச்பி5-ஐ விட விலை கம்மி, அதனால ஒவ்வொரு தடவை பட்டனை அமுக்கும்போதும் காசு கண்ணு முன்னாடி வராது. தெருவுல படம் எடுக்க அது ரொம்ப முக்கியம்.

முதல் ரோல் 36 படமும் காலி. தப்பு பிலிம் மேல இல்ல, என் மேல தான். பிலிமோட முனை கேமராவுக்குள்ள சுத்திக்கிற ஸ்பூல்ல சரியா மாட்டல, நான் பாட்டுக்கு தேக்கா பூரா சுத்தி எடுத்துத் தள்ளுறேன், கவுன்ட்டர் 39-ஐத் தாண்டியும் லீவர் இழுபடுதேன்னு அப்பத்தான் உறைச்சுது. இப்பல்லாம் ரெண்டாவது படத்துக்கு இழுக்கும்போது இடது பக்கம் இருக்கிற ரீவைண்ட் குமிழ் கூடவே சுத்துதான்னு பார்ப்பேன், சுத்தலன்னா உள்ள பிலிம் நகரலன்னு அர்த்தம்.

வெயில் விஷயத்துக்கு வர்றேன். நம்ம ஊர்ல மத்தியானம் சூரியன் உச்சந்தலைக்கு மேல நிக்கும், ஆளுங்க கண்ணு இருக்கிற இடத்துல ரெண்டு கருப்புக் குழி தான் விழும், அந்த நேரத்துல கேமராவைப் பையில வச்சிட்டு ஒரு தே குடிச்சிட்டு இருக்கலாம். காலைல எட்டு ஒன்பது, இல்ல சாயங்காலம் அஞ்சுக்கு மேல போங்க. பெரிய தொல்லை என்னன்னா கடை முன்னாடி இருக்கிற அஞ்சடிப் பாதை. ரோட்டுல கேமராவோட வெளிச்சம் அளக்குற மீட்டர் ஷட்டர் 1/500 செகண்ட், லென்ஸ் துளை எஃப் 16-னு காட்டுது (எஃப் எண் கூடினா துளை சின்னது), ரெண்டடி உள்ள வந்தா 1/125-ல எஃப் 5.6, அதாவது அஞ்சு ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு). கேமரா மீட்டர் வெளிச்சத்தைப் பார்த்து ஏமாந்து உள்ள நிக்கிற ஆளைக் கரியாக்கிடும். நான் நிழல்ல என் உள்ளங்கையை நீட்டி அதுக்கு மீட்டர் பார்த்து வச்சுக்குவேன், வெளிய கொஞ்சம் வெளுத்தாலும் நெகட்டிவ் தாங்கிக்கும், ஆனா நிழல்ல பதியாததை யாராலயும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

வெயில்ல 400 பிலிம் போட்டா எஃப் 11, 16-னு தான் வைக்க முடியும், அதுவும் நல்லதுக்குத் தான். 35 எம்எம் லென்ஸ்ல எஃப் 11 வச்சு மூணு மீட்டருக்கு ஃபோகஸ் பண்ணிட்டா ரெண்டு மீட்டர்ல இருந்து பத்து மீட்டருக்கு மேலயும் ஷார்ப்பா வரும், ஃபோகஸ் ரிங்கைத் தொடவே வேணாம்.

குறைன்னா, விளக்கு வெளிச்சம் ஃபிரேமுக்குள்ள வந்தா சுத்தி ஒரு வளையம் மாதிரி பூத்துப் போகும், எச்பி5-ல இவ்வளவு தெரியாது. எனக்கு அது பிடிச்சிருக்கு, உங்களுக்கு எரிச்சலா இருக்கலாம். வானம் கருக்கணும்னு மஞ்சள் ஃபில்டர் வாங்காதீங்க, நம்ம வானம் பாதி நாள் வெள்ளையா தான் கிடக்கு, அதுல ஃபில்டர் என்ன பண்ணும்?

வீட்டுல பிலிம் கழுவுறதா இருந்தா ஐஸ் வச்சுக்கோங்க. பிலிம் கழுவுற மருந்தான டெவலப்பரோட நேரமெல்லாம் 20 டிகிரிக்குப் போட்டிருப்பாங்க, நம்ம வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக் குழாயைத் திறந்தா தண்ணி வெதுவெதுன்னு வருது, அப்படியே ஊத்தினா நேரம் ரொம்பக் குறைஞ்சு படம் திட்டுத் திட்டா வரும். நான் பேசின்ல ஐஸ் தண்ணி ஊத்தி பாட்டிலை உள்ள இறக்கி வச்சிருவேன், அம்மா திட்டுவாங்க.

கடைசியா ஒண்ணு. பஃபலோ ரோட்டுல மாலை கட்டுற ஒரு அக்காவை எடுத்தேன், மல்லிப்பூ குவியல் அப்படியே வெள்ளையா எரியுது, எனக்கு ஒரே பெருமை. ரெண்டு வாரம் கழிச்சு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தா உத்து உத்துப் பார்த்துட்டு, "ஏன் தம்பி, அன்னிக்கு கையில செவ்வரளி மாலைல்ல கட்டிட்டு இருந்தேன், பூ எங்க, இலை எங்க?"ன்னு கேட்டாங்க. வாஸ்தவம் தான், சிவப்பும் பச்சையும் இந்த பிலிம்ல ஒரே சாம்பல் நிறமா விழுந்திருக்கு, அவங்க கையில ஏதோ கயிறு இருக்கிற மாதிரி இருந்துச்சு.