சம்பளப் பாக்கியும் உபவாசமும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஆறு பவர் டேபிள் (மின்சாரத் தையல் மிஷின்) போட்டு ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுத்து வந்தேன். சென்ற ஆண்டு ஆர்டர் நின்றது. அடுத்த மாதமே பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்தது. நான் எழுந்து நடக்கும் முன்பே மனைவிக்கு ஒரு பெரிய ஆபரேஷன். இது கர்த்தருடைய சிட்சை, அதாவது திருத்துவதற்காக அவர் கொடுக்கும் தண்டனை, 40 நாள் உபவாசமிருந்து மனந்திரும்பு என்கிறார் எங்கள் போதகர். சபையில் இன்னொருவர் 21 நாள் போதும் என்கிறார். இது சிட்சையா, வெறும் கஷ்டகாலமா என்று எப்படி அறிவது? தீர்க்கதரிசிகள் என்ன சொல்கிறார்கள்? இரண்டு டெய்லர்களுக்கு மூன்று மாதக் கூலி வேறு பாக்கி நிற்கிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் மனம் ஒட்டவில்லை.

பெயர் வேண்டாம்,
திருப்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மனைவி தேறி வரட்டும். கால் முறிந்ததும் அவருக்கு ஆபரேஷன் நடந்ததும் உங்கள் பாவத்தின் சம்பளம் என்று யாராவது சொன்னால், அவரிடம் லூக்கா சுவிசேஷத்தில் 13ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதில் சொல்கிறார். அடுத்தவர் வீட்டுத் துன்பத்துக்குக் காரணம் சொல்லும் அதிகாரம் எந்தப் போதகருக்கும் கிடையாது. 40 நாளா 21 நாளா என்பதை நான் பேசப்போவதில்லை.

நான் பேச நினைப்பது உங்கள் கடிதத்தில் கடைசிக்கு முந்தின வரியைப் பற்றி. கூலி "வேறு" பாக்கி என்று எழுதியிருக்கிறீர்கள். கால், ஆபரேஷன், அதோடு சேர்த்து இது வேறு. உங்களுக்கு வந்த கஷ்டங்களின் கணக்கில் அதையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டீர்கள். தம்பி, அது உங்கள் கஷ்டமில்லை. அந்த இரண்டு வீடுகளின் கஷ்டம்.

வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 34ஆம் அதிகாரத்தை ஒரு மாதமாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்களுக்கு உடனே எழுதுகிறேன். பாபிலோன் சேனை எருசலேமை வளைத்து நிற்கிறது. யூதா நாட்டின் அரணான பட்டணங்களில் லாகீசும் அசெக்காவும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. அப்போது சிதேக்கியா ராஜா ஜனங்களோடு உடன்படிக்கை செய்கிறான்: எபிரெய அடிமைகளை, ஆணையும் பெண்ணையும், எல்லாரும் விடுதலையாக்கிவிட வேண்டும். ஆறு வருஷம் வேலை செய்தவனை ஏழாம் வருஷம் அனுப்பிவிட வேண்டும் என்பது மோசேயின் சட்டம். தலைமுறை தலைமுறையாக யாரும் அதைக் கேட்டதில்லை. இப்போது மதிலுக்கு வெளியே பட்டயம் தெரிந்ததும் கேட்டார்கள். ஆலயத்திலேயே கன்றுக்குட்டியை இரண்டாகத் துண்டித்து, அந்தத் துண்டுகளின் நடுவே நடந்து ஆணையிட்டார்கள். இந்தக் கன்றுக்கு ஆனது வாக்குத் தவறினால் எனக்கும் ஆகட்டும் என்று அதற்குப் பொருள். அடிமைகளும் போனார்கள்.

அது மனந்திரும்புதல் இல்லையா? கர்த்தரே அதை ஒப்புக்கொள்கிறார். என் பார்வைக்குச் செம்மையானதைச் செய்தீர்கள் என்கிறார். அந்த வரி எனக்கு முக்கியம். முற்றுகைக் காலத்தில் அடிமைக்கும் சோறு போட வேண்டுமே என்ற கணக்கும் அந்த எஜமான்களின் மனதில் இருந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் அவர் அதைக் கிளறவில்லை. பயத்தில் செய்ததையும் அவர் ஏற்றுக்கொண்டார்.

பிறகு எகிப்திலிருந்து பார்வோனின் சேனை புறப்பட்டது. செய்தி கேட்டுப் பாபிலோன்காரர்கள் முற்றுகையை விட்டு விலகினார்கள். நகரம் மூச்சுவிட்டது. மூச்சுவிட்டவர்கள் முதலில் செய்த காரியம், விடுதலையாக்கிய அதே ஆட்களைப் பிடித்து வந்து மறுபடி அடிமையாக்கியது.

இங்கே எரேமியா பயன்படுத்தும் சொல்லைப் பாருங்கள். எபிரேயத்தில் "ஷூப்" என்றால் திரும்பு. நீங்கள் திரும்பினீர்கள், விடுவித்தீர்கள் என்று 15ஆம் வசனம் சொல்கிறது. நீங்கள் திரும்பினீர்கள், மறுபடி பிடித்தீர்கள் என்று 16ஆம் வசனம் சொல்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே சொல். தமிழில் படிக்கும்போது இது கண்ணில் படாது. நாம் "மனம்" என்று ஒன்றை முன்னால் சேர்த்து மனந்திரும்புதல் ஆக்கிவிட்டோம். உடனே அது உள்ளே நடக்கிற விஷயமாகிவிட்டது. கண்ணீர் வந்ததா, பாரம் இறங்கியதா என்று உள்ளேயே தேடிக்கொண்டிருக்கிறோம். அந்த எபிரேயச் சொல்லில் கால் இருக்கிறது. போன வழியில் திரும்பி நடப்பது. யாரை விட்டு விலகி நடந்தோமோ அவர் வாசலுக்கு.

எனக்கு அப்போது 11 வயது. அப்பா பலசரக்குக் கடையோடு அடகும் பிடித்துவந்தார். ஒருநாள் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அம்மாவிடம், "அடகுச் சாமானையெல்லாம் திருப்பிக் கொடுத்துடு, யார்கிட்டயும் ஒரு பைசா வாங்காத" என்றார். எதிர்த்தெரு அக்கா ஒருத்தி, பீடி சுற்றிப் பிழைப்பவள், ஒரு பித்தளைக் குடத்தை அடகு வைத்திருந்தாள். அதை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். அவள் குடத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பாவுக்காக அங்கேயே முழங்கால் போட்டு ஜெபித்தாள்.

அப்பா பிழைத்தார். ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொன்னார். இரண்டு மாதம் கழித்து நோட்டை எடுத்துப் புரட்டினார். "அது காய்ச்சல்ல சொன்ன பேச்சு" என்றார். குடத்தை வாங்கி வரச் சொல்லி என்னையே அனுப்பினார். நான் போனேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய், இருந்த தண்ணீரைக் கொட்டி, புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, பளபளவென்று கையில் கொடுத்தாள். எங்கள் வீட்டுக்குள் அது அப்படியே மின்னிக்கொண்டு வந்தது. என் அப்பா நல்ல மனிதர். அதன் பிறகு 19 வருஷம் உயிரோடு இருந்தார், ஒரு நாளும் காலை ஜெபத்தை விட்டதில்லை. எரேமியா 34ஐ எடுக்கும்போதெல்லாம் எனக்கு எருசலேம் தெரிவதில்லை, அந்தக் குடம்தான் தெரிகிறது. எருசலேமுக்குத் திரும்பி வந்த பாபிலோன் சேனை கி.மு. 586 வாக்கில் மதிலை உடைத்தது. எங்கள் வீட்டுக்கு எந்தச் சேனையும் வரவில்லை. அதனால் அந்தக் குடத்தைப் பற்றி யாரும் பேசவே வேண்டியிருக்கவில்லை.

இது சிட்சையா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியாது, உங்கள் போதகருக்கும் தெரியாது. ஆனால் இது சிட்சை இல்லை என்று ஒரு தேவதூதனே வந்து சொன்னாலும் அந்த மூன்று மாதக் கூலி பாக்கிதான். கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்று லேவியராகமம் சொல்கிறது. நீங்கள் தொண்ணூறு விடியலைத் தாண்டிவிட்டீர்கள். உபவாச நாளிலும் வேலையாட்களை வாட்டுகிறீர்களே என்று ஏசாயா 58இல் கர்த்தர் கேட்பதைப் படித்துவிட்டு, அப்புறம் ஜெபத்தில் மனம் ஒட்டவில்லை என்று எனக்கு எழுதுங்கள். கோபமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். படுக்கையில் கிடப்பவனிடம் இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆறு மிஷினும் சும்மாதான் நிற்கின்றன. இரண்டை விற்றால் எவ்வளவு தேறும் என்று விசாரியுங்கள். இரண்டு பேர் கணக்கையும் பீஸ் வாரியாக நீங்களே எழுதுங்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். முழுதும் முடியாவிட்டால் எவ்வளவு எப்போது என்று தேதி போட்டுக் கொடுங்கள். நடக்க முடியாது என்றால் ஆட்டோ பிடித்துப் போங்கள். ஆர்டர் மறுபடி வந்தாலும் அந்தத் தேதி மாறக்கூடாது.

சனிக்கிழமைக்குள் போய்வந்துவிட்டு எழுதுங்கள். மனைவிக்குத் தையல் பிரித்தாகிவிட்டதா என்றும் எழுதுங்கள்.