‘வரலாற்று ஆவணம்’: ஹிஸ்டாரிக்கா, ஹிஸ்டாரிக்கலா?

பழைய கணக்கேடுகளைக் குறிக்க நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிய ‘ஹிஸ்டாரிக் டாக்குமென்ட்ஸ்’ என்பதைத் திருத்துநர் ‘ஹிஸ்டாரிக்கல்’ என்று மாற்றியது சரியே. ஹிஸ்டாரிக்கல் என்பது கடந்த காலத்தைச் சார்ந்தது என்று மட்டுமே சொல்கிறது. ஹிஸ்டாரிக் என்பதோ வரலாற்றில் நிலைத்து நிற்கும் முக்கியத்துவம் உடையது என்ற மதிப்பீட்டையும் சேர்த்தே சொல்கிறது.

தமிழில் ‘வரலாற்று’ என்ற ஒரே அடை இரண்டு பொருளுக்கும் இடம் கொடுப்பதால்தான் இக்குழப்பம் நேர்ந்திருக்க வேண்டும்.

எழுதுமுன், அந்த இடத்தில் ‘வரலாற்றுச் சிறப்புமிக்க’ என்று வைத்துப் பாருங்கள். பொருள் மிகைப்படாமல் நின்றால் ஹிஸ்டாரிக்; சாதாரணக் கணக்கேட்டுக்கு அது பொருந்தாது. 1969 ஜூலை 20 அன்று மனிதர் நிலவில் இறங்கியபோது, அது இன்னும் பழங்கதை ஆகாத அந்நாளிலேயே அதை ஹிஸ்டாரிக் என்று சொல்ல முடிந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். நாளை நடக்கவிருக்கும் வாக்கெடுப்பைக்கூட அப்படிச் சொல்லலாம், ஹிஸ்டாரிக்கல் என்று சொல்ல முடியாது. 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா என்ற இங்கிலாந்து உரிமைச் சாசனத்துக்கு இரண்டுமே பொருந்தும். அங்கே நீங்கள் எதை வலியுறுத்துகிறீர்கள் என்பதே சொல்லைத் தீர்மானிக்கிறது.

ஆனால் இந்தப் பிரிவினை எல்லா இடத்திலும் செல்லாது. கடந்த கால நிகழ்ச்சியை நிகழ்காலத்தில் சொல்லும் நடையை இலக்கண நூல்கள் ‘ஹிஸ்டாரிக் பிரசன்ட்’ என்கின்றன. கணக்கியலில், ஒரு சொத்தை வாங்கியபோது ஆன விலையைக் குறிக்க ‘ஹிஸ்டாரிக் காஸ்ட்’, ‘ஹிஸ்டாரிக்கல் காஸ்ட்’ இரண்டும் வழங்குகின்றன. அத்தகைய துறைச்சொற்களைத் திருத்த முற்படாதீர்கள்.